ஒற்றைச் சம்பளம், 25 ஆண்டுக் கடன்

"உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? கையில் இருப்பதைப் போட்டு வீட்டுக் கடனை அடைத்துவிட வேண்டியதுதானே?"

திருமணம் செய்துகொள்ளாதவர்களுக்கு உறவினர் வீட்டு விருந்துகளில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை இது. "எப்போது கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாக்களும் மாமாக்களும், நாற்பது வயதைத் தாண்டிவிட்டால் இந்தப் பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். கடன் உள்ள வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று நம்பி வளர்ந்த தலைமுறை அது.

தனியாக வாழ்பவருக்குச் செலவே இல்லை என்ற நினைப்பை முதலில் ஓரமாக வைப்போம். மின்கட்டணமும் இணையக் கட்டணமும் நகர மன்றக் கட்டணமும் ஆள் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை. பல வீடுகளில் அம்மாவின் மருத்துவச் செலவு, தம்பி பிள்ளைகளின் துணைப்பாடச் செலவு எல்லாம் "தனியாகத்தானே இருக்கிறாய்" என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஒருவரின் தலையில் வந்து விழுகின்றன. மனமுவந்து செய்பவர்கள் செய்யட்டும். ஆனால் கடனை அடைக்கத் திட்டமிடும்போது அந்தத் தொகையையும் மறைக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி கடனுக்கு வருவோம். தனியாக வாழ்பவர் வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்கத்தான் வேண்டும். தம்பதியரைவிட அவருக்கு அவசரம் அதிகம். ஆனால் கையில் இருப்பதையெல்லாம் போட்டு அடைப்பதுதான் அவருக்கு ஆக ஆபத்தான வழி. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். கணக்குப் போட்டால் புரியும்.

வீவக வீட்டைத் தனியாக வாங்க ஒருவருக்குப் பொதுவாக 35 வயது ஆகியிருக்க வேண்டும். 2013 ஜூலையிலிருந்து ஒற்றையர் புதிய ஈரறை வீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபரிலிருந்து எல்லா வட்டாரங்களிலும் அவர்களுக்கு ஈரறை ஃபிளெக்சி வீடுகள் திறந்துவிடப்பட்டன. கதவு அகலமாகியிருக்கிறது, வயது மட்டும் அப்படியே இருக்கிறது. வீவக கடனின் உச்சவரம்பு 25 ஆண்டுகள், அல்லது உங்களுக்கு 65 வயது ஆகும்வரை, இதில் எது குறைவோ அது. 28 வயதில் வீடு வாங்கும் தம்பதிக்கு 53ல் கடன் முடிந்துவிடும். 38ல் வாங்கும் ஒற்றையருக்கு 63ல்தான் முடியும். 42ல் வாங்கினால் 65 வரை இழுக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாதத் தவணையைப் பெரும்பாலோர் மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுகிறோம். வயது ஏற ஏற, சம்பளத்திலிருந்து அந்தக் கணக்குக்குப் போகும் பங்கு குறைந்துகொண்டே வரும். 35 வயதுவரை சம்பளத்தில் 23 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போகிறது. 35ஐத் தாண்டினால் 21, 45ஐத் தாண்டினால் 19, 50ஐத் தாண்டினால் 15, 55ஐத் தாண்டினால் 12. அறுபதைத் தாண்டினால் வெறும் 3.5 விழுக்காடு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 38 வயது, மாதச் சம்பளம் 4,500 வெள்ளி, வீவக கடன் 250,000 வெள்ளி, 25 ஆண்டு, வட்டி 2.6 விழுக்காடு. மாதத் தவணை ஏறக்குறைய 1,134 வெள்ளி வரும். சம்பளம் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது சாதாரணக் கணக்குக்கு மாதம் 945 வெள்ளி வருகிறது. கைக்காசு 189 வெள்ளி சேர்த்தால் போதும், தவணை கட்டியாயிற்று. சுமையே தெரியாது. 51 வயதில் கணக்குக்கு வருவது 675 வெள்ளி, கைக்காசு 459 வேண்டும். 56ல் கணக்குக்கு 540, கையிலிருந்து 594. 61ல் கணக்குக்கு வருவது 157 வெள்ளி 50 காசு. மீதி 976 வெள்ளியைச் சம்பளத்திலிருந்து ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். அந்த வயதில் வேலையும் அதே சம்பளமும் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

தம்பதியர் என்றால் இன்னொருவரின் கணக்கிலிருந்தும் தவணைக்குப் பணம் வரும். இங்கே அந்த இன்னொருவர் இல்லை. அதனால்தான் அவசரம் அதிகம் என்றேன். இலக்கு "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்" என்று இருக்க வேண்டியதில்லை. அறுபதுக்கு முன், முடிந்தால் 55ஐ ஒட்டி முடிய வேண்டும். இப்படி ஒரு வயதைக் குறித்துக்கொண்டால் பதற்றமும் குறையும், தேவையில்லாத தியாகமும் குறையும்.

அதே உதாரணத்தில், தவணைக்கு மேல் மாதம் 300 வெள்ளி கூடுதலாகக் கட்டிவந்தால் 25 ஆண்டுக் கடன் சுமார் 18 ஆண்டு 3 மாதத்தில் முடிந்துவிடும். வயது அப்போது 56. வட்டியில் மட்டும் ஏறத்தாழ 26,000 வெள்ளி மிச்சம். 300 வெள்ளி பெரிய தொகையா என்றால், சிலருக்குப் பெரிய தொகைதான். காரைக் கைவிட்டவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. வீவக கடனைக் கெடுவுக்கு முன் கட்டினால் அபராதம் கிடையாது என்பதும் ஒரு வசதி.

சரி, அந்த 300 வெள்ளியை, அல்லது ஆண்டிறுதி போனசை, நேரே கடனில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

வீட்டுக்குள் போன பணம் எளிதில் வெளியே வராது. தனியார் வீட்டை வைத்திருப்பவர் அதை அடமானமாகக் காட்டி வங்கியிடம் ரொக்கக் கடன் கேட்கலாம். வீவக வீட்டை அப்படிப் பயன்படுத்த அனுமதி இல்லை. கடனை முழுவதும் அடைத்த அடுத்த மாதமே ஆட்குறைப்புக் கடிதம் வந்தால், அடைத்துவிட்ட வீடு உங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு வெள்ளிகூடத் தராது. அறையை வாடகைக்கு விடலாமே என்றால், மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீடுகளுக்குத்தான் அந்த அனுமதி உண்டு. ஒற்றையர் பலர் வாங்கும் ஈரறை வீட்டில் அந்த வாய்ப்பும் இல்லை. மிஞ்சுவது வீட்டை விற்பதுதான். வேலையில்லாத நேரத்தில் வீட்டையும் விற்றுவிட்டு எங்கே போவது?

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தகுதிபெறுவோருக்கு ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. நல்ல உதவிதான். ஆனால் நம் உதாரணத்தில் இருப்பவருக்கு அந்த ஆறு மாதத் தவணையே 6,800 வெள்ளியைத் தாண்டும்.

ஆகவே முதல் வேலை கைக்காசு. தம்பதியருக்கு ஆறு மாதச் செலவு கையிருப்பு போதும் என்று வழக்கமாகச் சொல்வோம். ஒற்றைச் சம்பளத்தில் வாழ்பவருக்கு ஒன்பது மாதம் முதல் ஓர் ஆண்டுவரை வேண்டும் என்பது என் கருத்து. பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் என்றால் ஓர் ஆண்டுக்குக் குறையவே கூடாது. அது சேரும்வரை கூடுதல் தவணையைப் பற்றி நினைக்க வேண்டாம்.

அடுத்து மசேநி. சாதாரணக் கணக்கில் இருப்பதை வழித்து எடுத்துக் கடனில் போடுவதைப் பலர் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. சாதாரணக் கணக்கு நமக்குத் தருவது 2.5 விழுக்காடு. கடன் வட்டி எப்போதும் கணக்கு வட்டியைவிட 0.1 விழுக்காட்டுப் புள்ளி அதிகமாக நிர்ணயிக்கப்படுகிறது. அப்படியானால் 20,000 வெள்ளியை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கடனில் போட்டால் ஆண்டுக்கு என்ன லாபம்? 20 வெள்ளி. இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடக்கூடப் போதாது.

பலருக்கு அந்த 20 வெள்ளி லாபமும் நிற்காது. 55 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, மசேநி கணக்குகளில் உள்ள முதல் 60,000 வெள்ளிக்குக் கூடுதலாக 1 விழுக்காடு வட்டி உண்டு. அதில் சாதாரணக் கணக்கிலிருந்து 20,000 வெள்ளிவரை சேர்த்துக்கொள்ளப்படும். ஆக, சிறப்புக் கணக்கும் மெடிசேவும் சேர்ந்து இன்னும் 40,000 வெள்ளியைத் தாண்டாத ஒருவருக்குச் சாதாரணக் கணக்கின் முதல் 20,000 வெள்ளி 3.5 விழுக்காடு ஈட்டித் தருகிறது. அதை எடுத்து 2.6 விழுக்காட்டுக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 180 வெள்ளி நட்டம்.

வட்டியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாதாரணக் கணக்கில் இருக்கும் 20,000 வெள்ளி, நம் உதாரணத்தில் 17 மாதத் தவணை. வேலை போனாலும், சம்பளத்திலிருந்து புதிதாக ஒரு வெள்ளிகூட வராவிட்டாலும், அந்தக் கணக்கிலிருந்து தவணை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கையிருப்பு சாப்பாட்டுக்கும் அம்மாவின் மருந்துக்கும் ஆகும். வீவக கடன் எடுப்பவர்கள் வீடு வாங்கும்போது சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளிவரை விட்டுவைக்க அனுமதி இருப்பதும் இந்தப் பாதுகாப்புக்குப் பயன்படும். இனி வீடு வாங்கப்போகும் இளையர்கள் அந்தத் தொகையை விட்டுவைப்பது நல்லது.

ஏற்கெனவே கணக்கைக் காலியாக்கிவிட்டவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக்காக எடுத்த மசேநி பணத்தை, வீட்டை விற்கும்வரை காத்திராமல், ரொக்கமாகக் கணக்குக்கே திருப்பிச் செலுத்தலாம். நாமாக விரும்பிச் செய்வது. எப்படியும் வீட்டை விற்கும்போது, எடுத்த தொகையையும் அது கணக்கில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியையும் சேர்த்துத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுகிறோம், அவ்வளவுதான்.

இப்படித் திருப்பிச் செலுத்திய பணம் சாதாரணக் கணக்கில் உட்கார்ந்து வட்டி ஈட்டும். பின்னாளில் தேவைப்பட்டால் அதையே வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்தலாம். கடனில் நேரே போட்டிருந்தால் 2.6 விழுக்காடு மிச்சம், கணக்கில் போட்டால் 2.5 விழுக்காடு வரவு. 20,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி வித்தியாசம். வேலை போனால் தவணைக்குக் கைகொடுக்கும் ஒரு பாதுகாப்புக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி சந்தா என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு வெளியில் எந்தக் காப்புறுதியும் கிடைக்காது. கணக்கில் இன்னும் 20,000 வெள்ளி சேராதவர்களில் பலருக்கு 3.5 விழுக்காடு கிடைப்பதால் அந்தச் சந்தாகூட இல்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. மசேநிக்குள் போன பணத்தை 55 வயதுக்கு முன் ரொக்கமாக எடுத்துக் கடையில் அரிசி வாங்க முடியாது. அதனால்தான் கைக்காசு முதலில் என்றேன்.

இந்த இரண்டும், அதாவது ஓராண்டுச் செலவுக்கான கையிருப்பும் சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளியும், அமைந்த பிறகு மிஞ்சும் பணத்தைத் தாராளமாகக் கடனில் போடுங்கள். 2023ல் ஆறு மாத அரசாங்கக் கருவூலப் பத்திரங்கள் 4 விழுக்காட்டை ஒட்டி வட்டி கொடுத்தன. அப்போது ரொக்கத்தை 2.6 விழுக்காட்டுக் கடனில் போட்டவர்கள் கொஞ்சம் இழந்தார்கள். 2025 முடிவதற்குள் அந்த வட்டி 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் கடனை அடைப்பதே நிச்சயமான வரவு. பங்குச் சந்தையில் இதைவிட அதிகம் ஈட்டலாம் என்று இளைய நண்பர்கள் சொல்வார்கள். ஈட்டலாம். ஆனால் சந்தை சரியும் ஆண்டுகளில்தான் ஆட்குறைப்பும் நடக்கிறது. ஒற்றைச் சம்பளக்காரருக்கு அந்த இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும்.

மொத்தத் தொகையாகக் கட்டும்போது ஒரு கேள்வி வரும்: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா? நம் உதாரணத்தில் ஐந்து ஆண்டு கழித்து 20,000 வெள்ளி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மீதிக் காலம் அப்படியே இருந்தால் தவணை 1,134லிருந்து 1,027 வெள்ளிக்கு இறங்கும். தவணையை அப்படியே வைத்தால் கடன் 28 மாதம் முன்னதாக முடியும். நிதி ஆலோசகர்கள் பெரும்பாலும் காலத்தைக் குறைக்கச் சொல்வார்கள், வட்டி மிச்சம் அதிகம் என்பதால்.

தனியாக வாழ்பவருக்கு நான் மாற்றிச் சொல்வேன். தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அந்த 107 வெள்ளியை நீங்களாகவே மாதாமாதம் ஒதுக்கிவைத்து, ஆண்டுக்கொரு முறை கடனில் கட்டுங்கள். கடன் ஏறக்குறைய அதே காலத்தில் முடியும். வித்தியாசம் என்னவென்றால், கெட்ட மாதம் ஒன்று வந்தால் கட்டாயத் தொகை 1,027 வெள்ளி மட்டுமே. காலத்தைக் குறைத்தவருக்கு அந்த மாதத்திலும் 1,134 வெள்ளி. இதற்கு ஒழுக்கம் வேண்டும், ஒதுக்கிய பணத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர்கள் காலத்தையே குறைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

வங்கிக் கடன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒப்பந்தம் பிணைத்திருக்கும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் கூடுதலாகக் கட்டினால் பெரும்பாலும் கட்டும் தொகையில் 1.5 விழுக்காடு அபராதம் இருக்கும். ஒப்பந்தத்தை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். அதுவரை பணத்தைச் சேர்த்துவைத்து, தேதி முடிந்ததும் மொத்தமாகக் கட்டுவது நல்லது. வீவக கடனிலிருந்து வங்கிக்கு மாறினால் திரும்ப வீவகவுக்கு வர முடியாது. 2021ல் ஒன்றேகால் விழுக்காட்டை ஒட்டிக் கிடைத்த வங்கிக் கடன், 2022 இறுதியில் 4 விழுக்காட்டைத் தாண்டியது. இரண்டு சம்பளம் உள்ள வீடுகளே அப்போது திணறின.

கடைசித் தவணை கட்டிய பிறகும் சில வேலைகள் இருக்கின்றன. வீவக கடன் இருக்கும்வரை கட்டாயமாக இருந்த தீக்காப்புறுதி, கடன் முடிந்ததும் கட்டாயமில்லை. கட்டணம் மிகச் சிறியது, விட்டுவிடாமல் தொடருங்கள். மசேநியின் வீட்டுப் பாதுகாப்புத் திட்டமும் கடனோடு முடிந்துவிடும். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் கடனை அடைக்கும் காப்புறுதி அது, கடனே இல்லாதபோது அதற்கு வேலையில்லை. உங்களை நம்பி வயதான அம்மா இருந்தால், அவருக்கென்று தனியாக ஓர் ஆயுள் காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடைத்து முடித்த வீடு யாருக்கு? மசேநி பணத்துக்கு வாரிசு நியமனம் செய்திருக்கலாம், ஆனால் அது வீட்டுக்குச் செல்லாது. வீட்டுக்கு உயில் வேண்டும். உயில் இல்லாவிட்டால், மனைவியோ கணவனோ பிள்ளைகளோ இல்லாதவரின் சொத்து பெற்றோருக்குப் போகும். அவர்களும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களுக்கு. முஸ்லிம்களுக்கு ஃபராயித் சட்டப்படி பங்கீடு நடக்கும். ஏற்கெனவே ஒரு வீவக வீடு வைத்திருக்கும் அண்ணனோ தங்கையோ உங்கள் வீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. இரண்டில் ஒன்றைக் கைவிட நேரிடும். யாருக்குக் கொடுக்க நினைக்கிறீர்களோ, அவரிடம் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உயிலை எழுதுங்கள். உயிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.